கோட்டையில் உருண்ட கட்டை

மண்ணூர்பேட்டை கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமாவைப் பயிற்சிக்காக பிரான்சுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் மேனாம்பேடே பெருமைப்பட்டது. நான் மட்டும் உர்ரென்று இருந்தேன். அவர் கிளம்பிய அன்று எங்கள் தாய ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. என் கடைசிக் காய் பழுக்க ஒரு தாயம்தான் பாக்கி. நான் ஜெயித்தால் மாமா பொங்கலுக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது பந்தயம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஜோடித் தாயக்கட்டையில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தார். பின்னால் கூம்புக் கோபுரங்களோடு பழைய கோட்டை. ராஜாவெல்லாம் எப்போதோ போய்விட்டாராம், இப்போது உள்ளே முழுக்க உலகத்து விளையாட்டுப் பலகைகளாம். நான் குதித்த குதியில் கட்டில் கிறீச்சிட்டது. சதுரங்கம், வாத்துப் படம் போட்ட வட்டக் கட்டம் என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் படம் நகர்ந்தது. கடைசியில் நான்கு பக்கமும் கை நீட்டியதுபோல் கட்டம் தைத்த ஒரு துணி. "யக்கா, நம்ம தாயம் மாதிரியே கீது பாரு!" என்று மாமா கத்த, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

வருகிறவர்கள் உட்கார்ந்து ஆடுவதற்கு அங்கே ஒரு மேசையும் இருந்தது. மாமா பையிலிருந்து கட்டையை எடுத்தார். "இன்னா கண்ணு, ஆட்டத்த முட்ச்சிக்கலாமா?"

ஆளுக்கொரு கட்டை. நான் இங்கே உருட்ட, அவர் கோட்டையில் உருட்ட, இரண்டையும் கூட்டிக்கொள்வது. எனக்கு ஒன்று விழுந்தது. அவர் கட்டை புள்ளியே இல்லாத மொட்டைப் பக்கம் விழுந்தால்தான் தாயம். எங்கள் வீட்டு வழக்கப்படி மாமா கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து உருட்டினார். போன் கட்டைக்குக் கிட்டே போய்க் காட்டியது. மொட்டை!

நான் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "வரேன் கண்ணு, சொன்னா சொன்னதுதான்" என்றார் மாமா.

அம்மா போனைப் பிடுங்கினாள். "அது கெடக்கட்டும். ரெண்டு கையாலயும் கட்டைய உருட்டுனியே, அங்க போனப் புட்ச்சிகினு கீறது யார்ரா?"

ஜெயித்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதையெல்லாம் யார் பார்த்தது? மாமா பொங்கலுக்கு வருகிறார் என்று வீடு வீடாகச் சொல்ல ஓடினேன். கூட யாராவது வருவார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.