பேச்சியம்மாள் அக்காவின் துப்பாக்கிகள்

சீனு காலையில் ஃபோன் செய்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சாமு, எந்திரிச்சாச்சா?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். அன்று அதைக் கேட்கவில்லை. "அக்கா போயிட்டாக, சாமு. தூக்கத்துலயே. பால்காரரு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்காரு, கதவு தொறக்கல" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே அக்காதான்.

அவரை அறிந்தவர்கள் அதிகமில்லை. அறிந்தவர்களிலும் பாதிப் பேருக்கு அவர் பார்த்த வேலை என்னவென்று தெரியாது. பேச்சியம்மாள் இயற்பியலில் முதுகலை முடித்தவர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் நெடுங்காலம் நூலின் வலுவைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆலை மூடிய பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், எங்கள் வீடியோ கேம் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தார். கம்பெனி என்றால் ஒரு செருப்புக்கடை மாடியில் இரண்டு அறைகள். சீனு முதலாளி. விளையாட்டில் வரும் சத்தங்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வீரன் சுட்டுச் சுட்டு வீடு திரும்புவதுதான் நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டு. அதைச் சோதித்துப் பார்ப்பது அக்காவின் வேலை.

முதல் நாளே சீனு பெருமையாக அந்த வீரனின் ஒளிவாளைக் காட்டினார். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா வெளிச்சத்தை ஒரு முழத்துல நிறுத்துனது யாரு?" என்று கேட்டார். அடுத்து லேசர் துப்பாக்கி. சிவப்புக் கோடு ஒன்று திரையின் குறுக்கே பாய்ந்தது. "இடையில தூசி கிடையாது, காத்து கிடையாது. நம்ம கண்ணுக்கு வராம அங்கிட்டுப் போற வெளிச்சம் நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். சீனு சிரித்துவிட்டு, "அக்கா, கோடு தெரியலைன்னா காசு குடுத்து வாங்குனவன் என்னைய அடிப்பான்" என்றார். அக்காவும் சிரித்தார். ஆனால் கேள்வியை அவர் கைவிடவில்லை. மறுநாளும் கேட்டார்.

பின்னுதைப்பு விஷயத்தில் அவர் ஜெயித்தார். பிடிமானம் இல்லாமல் மிதக்கிறவன் குண்டு சுட்டால் அவனும் பின்னால் போக வேண்டும் என்று ஒரு வாரம் வாதாடி, புரோகிராமரோடு உட்கார்ந்து அதைச் செய்ய வைத்தார். நாங்கள் விளையாடிப் பார்த்தோம். எதிரியைச் சுட்டதும் வீரன் மெதுவாக, நிற்காமல், கப்பலை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான். "ஐயோ, பாவமா இருக்கே" என்றார் சீனு. அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

பிறகு என் வேலைக்கு வந்தார். "சாமு, அங்க காத்தே இல்ல. உன் டமால் எல்லாம் எதுல ஏறி வரும்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் வீட்டுக்குப் போயிரவா?" என்றேன். அக்கா என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போனார். இரும்புக் கைப்பிடியின் மேல்முனையில் என் காதை வைக்கச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய்ச் சாவியால் லேசாகத் தட்டினார். தலைக்குள்ளேயே தட்டியது போலக் கேட்டது. "கேட்டுச்சா? அவன் துப்பாக்கி அவன் கையில இருக்கு. அந்த அதிர்வு கை வழியா அவனுக்குக் கேக்கும். அடுத்தவன் சுடுறதுதான் கேக்காது. உன் வேலை போகாதுய்யா, கொறையும் அம்புட்டுதான்." அன்றைக்கு நான் செய்த மந்தமான, எலும்புக்குள் இறங்குகிற அந்தச் சத்தம்தான் இதுவரை நான் செய்ததில் நல்லது.

ஆனால் விளையாட்டை வெளியிட முன்வந்தவர்கள் வெடிச்சத்தம் வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. சீனு இரண்டு நாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுற்றினார். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே பேச்சை எடுத்தார். "சத்தத்தைப் போட்டுக்கங்க சீனு. புள்ளைகளுக்குச் சம்பளம் வேணும். எனக்கு ஒரு சுவிட்ச் மட்டும் குடுங்க. வேணுங்கிறவன் சத்தத்தை அமத்திட்டு விளையாடட்டும்." சொல்லிவிட்டு டிபன்பாக்ஸைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அந்த சுவிட்சைப் போட்டவர்கள் வெகு சிலரே. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அதைப் போட்டுக்கொண்டு விளையாடுவார் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் பஸ்ஸில் சொல்லுவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஆபீஸுக்குப் போவோம். அவருக்கு அம்மா இறந்த பிறகு வீட்டில் யாருமில்லை. என் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். எங்கள் வீடுகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. லேசர் பற்றித்தான் பேசினோம்.

மயானத்தில் எங்களையும் சேர்த்துக் கொஞ்சம் பேர்தான் இருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி, "அக்கா உங்க ஆபீஸ்ல என்ன வேல பாத்தா?" என்று கேட்டார். "விளையாட்டுல வர்ற துப்பாக்கியெல்லாம் சரியாச் சுடுதான்னு பாப்பாங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "எங்கக்காவா? பல்லியைப் பாத்தா கட்டில்ல ஏறிருவாளே" என்றார். சிரிக்கத் தொடங்கியவர் அப்படியே அழுதார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சத்தத்தை அமர்த்தினால் கை வழியாக வரும் அந்த அதிர்வும் வீரனின் மூச்சும் மட்டும் கேட்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஆபீஸில் பதிவுசெய்ய முடியவில்லை, தெருவில் ஓயாத ஹாரன். ஒரு மத்தியானம் மைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவரே மூச்சு விட்டுத் தருகிறேன் என்றார். "அம்மா போன பொறவு இந்த வீட்டுல எனக்குக் கேக்குறது எம் மூச்சுதான். அதையும் விக்கிறதுக்கு நீ வந்துட்ட" என்று சொல்லிச் சிரித்தார். பாதியில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. "செத்த நேரம் இரு சாமு, முடியட்டும்" என்றார். நான் மைக்கை நிறுத்தவில்லை. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மணி ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

அந்தப் பதிவிலிருந்து விளையாட்டில் மூச்சு மட்டும் இருக்கிறது. நாங்கள் காத்திருந்த அந்தப் பகுதியை வெட்டி எடுத்தேன், அழிக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.