சாலி மச்சானின் ஏரியல் கம்பி

போன வெள்ளிக்கிழமை சாலி மச்சானை அடக்கம் செய்தோம். என் அக்கா, றஹீமா ராத்தாவின் கணவர். றக்வானையில் அவருடைய கடை தேயிலைத் தோட்டத்து நிலத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு நேர் கீழே இருந்தது. துரை போகச் சொன்னால் போகவேண்டியதுதான்.

முப்பத்தோராம் ஆண்டு, வால்வு என்ற கண்ணாடிக் குழாய் ஒன்றே உள்ள ரேடியோ ஒன்றை அவரே கட்டினார். அலையைப் பிடிக்கப் பாக்கு மரத்திலிருந்து கூரைக்கு ஏரியல் கம்பி. கொழும்பு நிலையத்தின் குரல் அங்கே மெலிந்துதான் வரும். வால்வு பெருக்கித் தருவதில் கொஞ்சத்தைத் திரும்ப அதற்கே ஊட்டும் திருகு ஒன்று உண்டு. அதை மெல்லத் திருப்பினால் குரல் துலங்கும்.

அந்த மாதங்களில் பங்களா ரேடியோ மாலையானால் ஊளையிட்டது. துரையின் கண் கம்பிமேல் விழுந்தது. கணக்கப்பிள்ளை நாகலிங்கம் வந்து சொன்னார்:

“லயத்துச் சங்கதியெல்லாம் நீங்க கொழும்புக்கு அனுப்புறீங்களாம். துரை கடையை எடுக்கச் சொல்லப்போறாரு.”

“கேக்கிற பெட்டிங்க அது. காதால யாராச்சும் பேசுவாங்களா?” என்றார் மச்சான்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளருக்கோ வேறு சந்தேகம். தாங்கள் பேசுவது கம்பி வழியே பங்களாவுக்குப் போகிறது என்று நினைத்தார்கள். கொழுந்து பறிக்கும் கருப்பாயி கடைக்கு வந்தால் உப்பு கேட்பதற்கும் குரலைத் தாழ்த்துவாள்.

ஊளை தன் பெட்டியால் அல்ல என்று காட்ட மச்சானே துரையிடம் ஒரு சோதனைக்கு வழி சொன்னார். ராத்தாவைப் பெட்டியருகே உட்காரவைத்து, பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் அழைத்துக்கொண்டு பங்களா வாசலில் துரைக்கு முன்னால் போய் நின்றார்.

துரையின் ரேடியோ தெளிவாகப் பாடியது. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது ஊளை கிளம்பியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் முகம் மாறிவிட்டது. பாட்டு மங்கினால் ராத்தா பொறுமையில்லாமல் திருகை முறுக்குவாள். அளவு மீறினால் வால்வு தானே ஒரு சின்ன நிலையமாகிவிடும். அலை கம்பி வழியே வெளியே போய்ப் பக்கத்து ரேடியோவில் ஊளையாக விழும். அது அவருக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

பேசாமல் இருந்திருக்கலாம். கம்பியை அவிழ்த்துவிட்டு, யாரோ என்று விட்டிருக்கலாம்.

“அது என் பெட்டிதாங்க, துரை. பேச்சு போகாது, ஊளை மட்டுந்தான் போகும்,” என்றார் மச்சான்.

“அனுப்பாதுன்னு சொன்னே. அனுப்புதே,” என்றார் துரை. மீதியை அவர் கேட்கவில்லை.

கடையை எடுத்துக்கொண்டு கஹவத்தை ஊருக்குப் புறப்பட வண்டியில் சாமான் ஏற்றியபோது கருப்பாயி வந்தாள். துரை விரட்டிய ஆள் துரையின் ஆளாக இருக்க முடியாது என்று லயத்தில் முடிவாகியிருந்தது. லயம் முழுவதும் கேட்கும்படி துரையைத் திட்டிக்கொண்டே, கம்பியைச் சுருட்ட மச்சானுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள்.