சுகம் வந்ததை யார் சொல்வது?

என் அண்ணன் பொய் சொன்னார். அம்மாவுக்குச் சுகம் வந்ததை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று மட்டும் அண்ணனுடைய விரல் நன்றாக வேலை செய்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அம்மாவுக்குக் கடுமை" என்று போட்டார்; பிழைப்பது அரிது என்று பொருள். லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அவருக்குத்தான் போன் வந்தது. எங்களைப் போலவே வெளிநாட்டில், பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருந்துகொண்டு எல்லோருடைய ஆறுதலையும் வாங்கிக்கொண்டார். மல்வேர்னில் என் வீட்டில் அம்மாவைக் கழுவித் துடைத்தது நான். அந்தக் குழுவில் நான் இல்லை. ஒரு வாய்ச்சண்டைக்காக என்னை எப்போதோ நீக்கிவிட்டார்.

அம்மா எழும்பிவிட்டார். தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும் குழறுகிறது.

கோடையில் அம்மாவை ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அது காட்சிசாலை. கண்ணாடிக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று இருந்தது. இங்கே குடியேறிய ஒருத்தி கடலுக்கு அப்பால் இருந்த தங்கைக்கு எழுதியது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்று எழுந்திருந்து கஞ்சி குடித்தான், முந்திய கடிதத்தை வைத்து அழுதுகொண்டிருக்காதே என்று எழுதியிருந்தாள். அது கப்பலில் போய்ச் சேர எத்தனை காலம் எடுத்ததோ. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"என்ரை தங்கச்சிக்குச் சொல்லியாச்சோ?" என்று அம்மா கேட்டார். "ஏன் அவள் எடுக்கேல்லை?"

வீட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அந்தத் தங்கைக்கு, என் சின்னம்மாவுக்கு, போன் எடுத்தேன். அவருடைய மகள்தான் பேசினாள். சின்னம்மா தன் அக்காவுக்காக அழுது முடித்துவிட்டாராம். வெளிநாட்டில் ஒருவர் செத்தால் ஊரில் உள்ள வயதானவர்களுக்கு நாங்கள் எப்படிச் சொல்கிறோம்? முதலில் கடுமை என்போம். பிறகு வாயே திறக்கமாட்டோம். அவர்களாகவே விளங்கிக்கொள்வார்கள். சின்னம்மாவும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். பதற்றத்தில் வாய் இன்னும் குழறியது. சின்னம்மாவுக்குக் கண் தெரியாது, வீடியோவும் உதவாது.

"உது அக்காவின்ரை குரல் இல்லை. ஆரையோ கதைக்க விட்டு என்னை ஏமாத்திறியள்."

பிறகும் எடுத்துப் பார்த்தோம். அதே பதில்தான். அம்மா இப்போது போனைக் கையில் வாங்குவதே இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். "சுகம் வந்தது எண்டு உடனை சொன்னால் கண்ணூறு படும். அதுதான் பேசாமல் விட்டனான். நீ உதைப் பெரிசாக்காதை" என்றார். கடுமை என்று போட்டபோது அந்தக் கண்ணூறு எங்கே போயிருந்தது என்றேன். போனை வைத்துவிட்டார்.

அண்ணை, என் சொல்லைச் சின்னம்மா நம்பவில்லை. அம்மாவின் குரலையே நம்பவில்லை. கெட்ட செய்தி சொன்னது நீங்கள், உங்கள் வாயால் நல்ல செய்தி வந்தால்தான் நம்புவார். எனக்குத் தனியாகப் போன் எடுத்து மழுப்ப வேண்டாம். அதே குழுவில், உங்கள் குரலில், எல்லோரும் கேட்க, அம்மா உயிரோடு இருக்கிறார், சுகம் வந்ததை மறைத்தது நான்தான் என்று சொல்லுங்கள். ஏன் மறைத்தீர்கள் என்பதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.