இடுப்பை விட்டு இறங்கிய பிள்ளை

பெரியவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். சலவைக்கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாளெல்லாம் நீராவியில் நின்று முகம் சிவந்தே கிடக்கும். சும்மா நின்றாலும் சண்டைக்கு நிற்கிறாள் என்று நினைப்பார்கள். பாதி நேரம் அது சரிதான்.

வீட்டில் அவளுடைய தீராத சண்டை அம்மாவோடு. காரணம் தம்பி. பயலுக்கு நாலு வயது ஆகப்போகிறது, ஓடுகிறான், படியேறுகிறான், கட்டிலில் குதிக்கிறான். ஆனால் காலையில் அம்மா இடுப்பில் ஏறினால் அப்பா சாப்பிட்டுத் தூங்கும்வரை இறங்குவதில்லை. அவனைச் சுமந்துகொண்டே அம்மா சமைப்பாள், பெருக்குவாள். அவள் நடையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கல்யாணத்துக்கும் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போவாயா என்று பெரியவள் கிண்டலடிப்பாள். அம்மா சிரித்து மழுப்புவாள்.

அப்பா சந்தையில் ராத்திரி மூட்டை இறக்குகிறவர். பெரியவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான், நன்றாக ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் அம்மாவை அடிக்காத நாள் குறைவு. பெல்ட், செருப்பு, விறகுக்கட்டை, கையில் எது கிடைத்ததோ அது. தம்பி பிறந்து கொஞ்ச காலத்தில் எல்லாம் அடங்கிப்போனது. மனுஷன் திருந்திவிட்டார் என்று பெரியவள் நம்பினாள். மகன் பிறந்த ராசி என்றார்கள் அக்கம்பக்கத்தில். ராசியாவது மண்ணாங்கட்டியாவது.

தெருமுனையில் இருந்த மழலையர் பள்ளியில் தம்பியைச் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் பெரியவள்தான். அம்மா சொல்லாத சாக்கு இல்லை. சளி பிடித்திருக்கிறது, மழை வரும்போல் இருக்கிறது, தனியாக ஒன்றுக்குப் போகத் தெரியாது. பெரியவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் அம்மா இடுப்பிலிருந்து அவனைப் பிடுங்காத குறையாக இறக்கி வாசலில் விட்டாள். மற்ற பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவன் மணல்தொட்டியைப் பார்த்ததும் டாட்டா காட்டக்கூட மறந்து ஓடினான். அழுதவள் அம்மாதான். ஏன் இப்படி மானத்தை வாங்குகிறாய் என்று கடிந்துவிட்டுப் பெரியவள் வேலைக்கு ஓடினாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அப்பா சந்தைக்குக் கிளம்பிப் போன பிறகு, அம்மா தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் முனகினாள். பெரியவள் துணியை விலக்கிப் பார்த்தாள். விலாவில் செருப்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"அவன் இடுப்புல இருந்தா அவர் கை ஓங்க மாட்டார்டி," என்றாள் அம்மா.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மாவுக்கு விழவேண்டிய அடி அவன் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியதாம். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம், வழியெல்லாம் அழுதாராம். அவ்வளவு பாசக்காரர். அதற்குப் பிறகு அவர் விழித்திருக்கும்போது அம்மா அவனைக் கீழே இறக்கவில்லை.

பெரியவள் விலக்கிய துணியை இழுத்து மூடினாள். இத்தனை நாள் செல்லம் என்று நினைத்தாளே, பாவி. அம்மாவுக்கு இருந்த ஒரே கேடயத்தைத் தன் கையாலேயே பிடுங்கி மணலில் விட்டிருக்கிறாள். நாளைக்கே பள்ளியை நிறுத்திவிடலாம் என்றாள். அம்மா கண்ணால் தம்பியைக் காட்டினாள். தம்பி பையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெரியவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாள். வளர்ந்த பெண் எதிரில் நின்றால் அடிக்க மாட்டார் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு.

சோறு ஆறிப்போயிருந்ததாம். தட்டு பறந்தது. அம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். குறுக்கே போன பெரியவளின் கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துப்போனது. வயிற்றில் விழுந்த உதையில் மூச்சு நின்றது. அம்மா தடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பெரியவளுக்குக் கேட்டது.

தம்பியைப் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அவள் கதவுக்குப் பாய்ந்தாள். தரையில் கிடந்த அம்மா நல்ல கையால் அவள் காலை இறுக்கிப் பிடித்தாள்.

"அவனைக் கூப்பிடாத. அவன் அங்கயே இருக்கட்டும்."

பெரியவள் திரும்பினாள். கைக்கு எட்டியது மர முக்காலி. முதல் அடி அவர் மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது முழங்காலில். அதோடு அவர் விழுந்துவிட்டார். மூன்றாவது தேவையே இல்லை. அதையும் போட்டாள். மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பெற்ற அப்பனையே அடித்துவிட்டாளே என்று அவர் தெருவுக்குத் தவழ்ந்து போய் ஓலமிட்டார். அம்மா அலறிய வருஷமெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைத்த தெரு, அவர் குரலுக்கு அரை நொடியில் கூடியது. இப்படியும் ஒரு பெண்ணா என்றார்கள். பெரியவள் அவர் துணிமணியை மூட்டையாகக் கட்டி அவர் மடியில் எறிந்தாள். இனி வாசலை மிதித்தால் முக்காலி தலையில் இறங்கும் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

பள்ளி விடும் நேரத்துக்கு இருவரும் வாசலில் நின்றார்கள். பெரியவளின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அம்மாவின் கை மாவுக்கட்டில் தொங்கியது. மற்ற தாய்மார்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தம்பி மணலும் மூக்குச்சளியுமாக ஓடிவந்து, வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அம்மாவின் நல்ல கை தானாக நீண்டது. பிறகு அதை மடக்கிக்கொண்டாள்.

"இனிமே இடுப்பு கிடையாதுடா. நட."

அவன் நம்பவில்லை. அக்காவைப் பார்த்தான், அவளும் குனியவில்லை. நடுத்தெருவில் பொத்தென்று உட்கார்ந்து, காலை உதைத்து, உலகத்தில் இல்லாத அநியாயம் நடந்துவிட்டதுபோல் வீறிட்டு அழுதான். இரண்டு பெண்களும் அவனைத் தூக்காமல், அவன் அழுது முடித்துத் தானாக எழுந்திருக்கும்வரை வெயிலில் நின்றார்கள்.