இரண்டரை சென்டில் இரண்டு வீடு

எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் எட்டு அட்டைத் துண்டுகள் இருந்தன. பனியனுக்குக் கையும் கழுத்தும் வெட்ட வைத்திருப்பாரே, அதே மாதிரி அட்டைதான். ஆனால் இவற்றில் முன்னறை, சமையல்கட்டு, படுக்கையறை, குளியலறை என்று பேனாவால் எழுதியிருந்தார், வீட்டுக்கு நான்காக இரண்டு வீட்டுக்கு. ஓரடிக்கு ஓர் அங்குலம்.

கண்ணுகளா, அப்போது நானும் மாஸ்டரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. பெரியவளே, நீ அம்மா வயிற்றில் இருந்தாய். வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஆள் கூடுனா தண்ணி கூடுமுங்க. வாடகையும் கூடுமுங்க." பிறக்காத பிள்ளைக்கும் வாடகையா என்று சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் பயமும் வந்தது. அவிநாசிக்கு இந்தப் பக்கம் இரண்டரை சென்ட் இடம் ஒன்று விலைக்கு வந்தது. தனியாக வாங்க இருவருக்குமே வக்கில்லை. சேர்ந்தால் முடியும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அந்தத் துண்டு நிலத்தில் இரண்டு வீடு அடங்குமா என்பதுதான் கேள்வி.

மாஸ்டர் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் நிலத்தை வரைந்து, அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மூன்றாம் நாள் எட்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. முன்னால் அவர் வீடு, பின்னால் என் வீடு. "ஒரு இஞ்ச் வேஸ்ட் இல்லீங்க மாஸ்டர்!" என்று டெய்லர்கள் கூடிநின்று மெச்சினார்கள். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தரையில் துணி விரித்து அதையே அடுக்கிக் காட்டினார். உங்கள் அம்மா தலையாட்டினாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பின்னாடி ஊட்டுக்கு எப்புடிப் போறது? பறந்தா?"

துணியில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இடம் விட்டால் அது வேஸ்ட். இருபது வருஷமாக அந்த இடத்தைக் குறைப்பதற்கே சம்பளம் வாங்கியவர் மாஸ்டர். வீட்டுக்கு வழி வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை; அவரை மெச்சிய எங்களுக்கும் தோன்றவில்லை. அட்டைகளை இப்படியும் அப்படியும் தள்ளினார். அசைய இடமில்லை. இடம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

மாஸ்டர் கத்தரியை எடுத்தார். தன் முன்னறையிலும் சமையல்கட்டிலும் மூன்று அங்குலம் வெட்டினார். "ஆளுக்குப் பாதி குறைச்சுக்கலாமுங்க" என்றேன்.

"சும்மா இரு தம்பி. உன்ற ஊட்ல ஆள் கூடுது. என்ற பையன் ஆஸ்டலுக்குப் போயிட்டான்."

அந்த மூன்றடிச் சந்தில்தான் நீங்கள் இருவரும் நடை பழகினீர்கள். இன்று அந்தப் பக்கம் சென்ட் விலையைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்களைப் போன்ற இரண்டு பேர் அல்ல, நான்கு பேர் சேர்ந்தாலும் முடியாது. ஆனால் என்னை விடாமல் அரித்த கேள்வி வேறு. வழி கேட்டால் தன் வீடுதான் சுருங்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா? போன வாரம் கேட்டேவிட்டேன்.

"தெரியாமயா கேட்டேன்? வழி இல்லீன்னா, தெனமும் உங்க சனம் பூராவும் என்ற சமையக்கட்டு வழியாத்தான போவோணும்? நீங்க கொழம்பு வேற எட்டிப் பாப்பீங்க. மூணடி போனாப் போகுதுன்னு உட்டேன்."