வாய்க்காலில் இறங்கும் முன் ஒரு மாத்திரை

அம்மா தொழிலுறப்புக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மழை விட்ட அந்த வாரம் வாய்க்கால் தூர்வாரும் வேலை. எலி மூத்திரம் கலந்த சேற்றில்தான் நிற்க வேண்டும். அவள் குதிகாலில் வெடிப்பு வேறு. எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் ஒருமுறை விழுங்கும்படி சுகாதாரப் பணியாளர் வேலைக்காரிகள் எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தார். மிளகாய்ப்பொடி டப்பாவின் பின்னால் அந்த அட்டை ஒரே ஒரு மாத்திரை குறைந்து கிடந்தது.

"பனி வந்தா தின்னலாம்னு வச்சிருக்கேன்."

"வராம இருக்கத்தான் அம்மா இது."

"ஒருக்கா தின்னு ஒரே ஓக்காளம். இந்த வயசில விசேஷமா மக்கான்னு கேட்டு கூட வேலைக்கு வாறவளுக ஒரே சிரிப்பு. இனி வேண்டாம்."

நான் படித்தது உயிர்த்தொழில்நுட்பம். நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அங்கே கேட்பதுபோலவே வரிசையாகக் கேட்டேன். எப்போது விழுங்கினாய்? விடியக்காலையில். எதோடு? பாலில்லாத கட்டன்சாயாவோடு, வெறும் வயிற்றில். பிறகு? கொஞ்சம் படுத்தேன். ஓக்காளம் வர வேறென்ன வேண்டும்?

அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். தின்று முடித்து மாத்திரையைக் கையில் எடுத்தவள், "இது உள்ளே போய் என்ன செய்யும்?" என்றாள்.

உயிரணுக்களில் ரைபோசோம் என்ற நுண்துகள்கள் உண்டு. மரபணுவிலிருந்து வரும் செய்தியை வாசித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதம் செய்பவை அவைதான் என்றேன். இந்த மருந்து கிருமியின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அமினோ அமிலம் வந்து சேரும் இடத்தை அடைத்துவிடும். புதுப் புரதம் இல்லாமல் கிருமி பெருகாது.

"நம்ம உடம்பிலயும் அது உண்டுல்லா? அதையும் அடைச்சுராதா?"

"நம்மளோடதுக்கு அமைப்பு வேற. அதுல இது அப்படி ஒட்டாது."

சொல்லும்போதே மைட்டோகாண்ட்ரியா நினைவுக்கு வந்தது. நம் உயிரணுவுக்குள்ளேயே இருக்கும் அதற்குத் தனி ரைபோசோம். அமைப்பில் பாக்டீரியாவுடையதற்கு நெருங்கிய உறவு. அப்படியானால் இந்த மருந்து அதை எவ்வளவு தொடும்? வாரம் ஒருமுறை என்ற அளவில் பயமில்லை என்று தெரியும். எனக்கிருந்தது பயமல்ல, ஆசை: அதை ஒருநாள் விரிவாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கினாள். படுக்கவிடாமல் பேச்சுக்கொடுத்தபடி உட்கார வைத்தேன். ரோட்டிலிருந்து, "யக்கா, வாறியளா?" என்று குரல் வந்தது. "வாறேன், வாறேன்!" மண்வெட்டியோடு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு வந்து நின்றாள். வாந்தி இல்லை.

"உன் ரைபோசோமை அவளுகளுக்குச் சொன்னேன். ஒருத்தியும் நம்பேல்ல. ஆனா மரச்சீனியும் மீனும் தின்னுட்டு விழுங்கணும்னதும், எல்லாவளும் நாளைக்கு மாத்திரை தின்னுறோம்னு சொல்லிட்டாளுக."