சட்டைப் பைக்குள் போன கடிகாரம்

“இந்த வாயை வெச்சிக்கினு நீ நர்ஸாவப் போறியா? எந்த டாக்டருடி உன்ன கிட்ட சேப்பாரு?”

பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறிய அன்று பெரியம்மா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் யாரும் கிடையாது. அந்தப் பெருமையில் நின்றுகொண்டிருந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சும்மா சொல்லவில்லை. என் வாய்க்கு ஒரு பழைய கதை உண்டு.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்கு டி.பி. வந்தது. நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கப் போன இடத்தில் இருமி, துப்பியதில் ரத்தத்தைப் பார்த்து, அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். திண்டிவனத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளத் தினமும் பஸ்ஸில் போனோம். துணைக்குப் பெரியம்மா வருவாள். பஸ் போர்டு படிக்க நான். விழுப்புரம் என்றால் விழுப்புரம், செங்கல்பட்டு என்றால் செங்கல்பட்டு. நான் படித்துச் சொன்னால்தான் எங்கள் பெரியவர்கள் ஏறுவார்கள். கொஞ்சம் சத்தமாகவே படிப்பேன்.

கைராசி என்பது அவரிடம் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. போகிறவர்களும் அதைக் காப்பாற்ற வேண்டும். “எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டால், “உங்க கை பட்டதும் போயிடுச்சிங்க” என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தக் கையின் ராசி முறிந்துவிடும். சொன்னவருக்கு மட்டுமல்ல, பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் பலிக்காது. எழுதி வைக்காத சட்டம்தான், ஆனாலும் அதை மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

அம்மாவின் இருமல் அடங்கியது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. அப்போதுதான் அவள் நடை மாறியது. வரப்பில் வந்தால் காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து வந்தாள்.

“ஊரெல்லாம் மதுவிலக்கு, உனக்கு மட்டும் கள்ளு எங்கடி கெடைக்குது?” என்று பெரியம்மா சிரித்தாள்.

“போக்கா, காதுல சில்வண்டு பூந்துக்கினு கத்துது. பெரிய பேஜாரா கீது.”

பெரியம்மா நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வண்டு வெளியே வரவில்லை. டாக்டரிடம் சொல்லலாமா என்று அப்பா ஒருமுறை மெதுவாகக் கேட்டார். “உசுரக் குடுத்த கைய கொற சொல்றதா?” என்று அம்மாவே அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் வழக்கம்போல, “வேற ஏதாவது தொந்தரவு உண்டா?” என்றார். “ஒண்ணும் இல்லைங்க, உங்க புண்ணியம்” என்றாள் அம்மா. பெரியம்மாவும் தலையாட்டினாள். பொய் சொல்லக் கூடாது என்று அந்த வாரம்தான் வாத்தியார் சொல்லியிருந்தார்.

“இல்ல சார், அம்மா காதுல எப்பவும் சத்தம் கேக்குது. தள்ளாடித் தள்ளாடி நடக்குறாங்க.”

பெஞ்சில் இருந்த பேச்சு நின்றுபோயிற்று. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இடக்காதின் அருகே பிடித்தார்.

“டிக் டிக்குனு கேக்குதாம்மா?”

“கேக்குதுங்க.”

வலக்காதின் அருகே பிடித்தார். “கேக்குதுங்க.”

பிறகு கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்லா கேக்குதுங்க” என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி, மிகுந்த மரியாதையோடு.

இந்த ஊசி சிலருக்குக் காது நரம்பைக் கெடுக்கும், சத்தம் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், என்றார். ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். உடம்பு தேறிவிட்டது என்று அதையும் நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்ததும் பெரியம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். “ஒரு வாயால எல்லாத்தையும் கெடுத்துட்டியேடி!” பெஞ்சில் இருந்த ஒருவர் அன்று ஊசி போட்டுக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுப்படியில் அவள் வலப்பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர் தூக்கிவந்து, கேப்பை புடைத்து, மன்னிப்புப் போல ஒவ்வொரு வேலையாகச் செய்து வைத்தேன். “அம்மா, இனிமே சொல்ல மாட்டேன்” என்று அவள் முதுகைப் பார்த்து அழுதேன். அதற்கும் திரும்பவில்லை. ‘அவளுக்குக் கோபம்’ என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா அதை மறுக்கவில்லை. காது போனது தெரிந்தால் ஜனங்கள் அந்தக் கையைக் குறை சொல்வார்கள். அதைவிட மகள்மேல் கோபக்காரி என்ற பெயர் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. வலக்காது முழுவதும் போய், இடக்காதில் மிச்சம் இருந்ததை வைத்து அவள் காலம் தள்ளினாள் என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

இப்போது விழுப்புரத்தில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறேன். காலையில் டி.பி. வார்டில் அதே ஊசி போடுகிறவர்களிடம் கட்டில் கட்டிலாகப் போய், “காதில் சத்தம் உண்டா? தலை சுற்றுகிறதா?” என்று கேட்பது என் வேலை. “உங்க புண்ணியத்துல ஒண்ணும் இல்லம்மா” என்பார்கள் எல்லோரும். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போகிறது. கால் வலியைவிட அந்தப் பதில்தான் அலுப்பு.

நேற்று முகையூர்க்காரி ஒருத்தியும் அதையே சொன்னாள். சரி என்று நகர்ந்த நான், அவள் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் சன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

பிறகு பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போய்ச் சொன்னேன். இன்று அவளுக்கு ஊசி போடவில்லை.